துருவத்துக் காந்தப் பதிவுத் தாளை நெல்லையில் உட்கார்ந்து படிப்பது எப்படி

பழைய துருவ ஆய்வகத்துக் காந்தப் பதிவின், அதாவது பூமியின் காந்தப்புலம் நாள் முழுக்க மாறியதை வளைகோடாகக் காட்டும் தாளின், ஸ்கேன் ஒன்று கிடைத்தால் முதலில் வளைகோட்டைப் பார்க்காதீர்கள், தாளின் ஓரத்தைப் பாருங்கள். எந்த நிலையம், என்ன தேதி, எந்த ஊர் நேரம், ஒரு மில்லிமீட்டருக்கு எவ்வளவு காந்த மதிப்பு (ஸ்கேல்), அளவெடுக்க ஆதாரமான அடிக்கோட்டின் மதிப்பு என்ன என்பதெல்லாம் அங்கேதான் பென்சிலிலோ மையிலோ எழுதியிருக்கும். சில நிலையங்கள் அளவுகளை ஆண்டறிக்கையில் தனியாகப் போட்டிருக்கும். ஓரமும் போய் அறிக்கையும் இல்லையென்றால் அந்தத் தாளில் அளவு எடுக்க முடியாது, வேறு தாளுக்குப் போய்விடுங்கள்.

நெல்லைக்காரர்களுக்கு இதில் என்ன வேலை என்றால், காந்த நிலநடுக்கோடு நம்ம ஊருக்கு மிக அருகில் போகிறது. இங்கே காந்த ஊசி கிட்டத்தட்டப் படுக்கையாக நிற்கும், துருவத்தில் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். இந்திய புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் இருப்பதும் இதனால்தான். அதற்கு வெகுகாலம் முன்பு, 1850-களில், திருவனந்தபுரம் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த ஜான் ஆலன் பிரௌன் நம்ம பொதிகையில், அகத்தியமலை மேலேயே ஒரு காந்த ஆய்வகம் வைத்திருந்தார் என்பதை இங்கே பலருக்குச் சொல்ல வேண்டியிருப்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

சரி, தாளுக்கு வருவோம். இருட்டறையில் தொங்கும் சின்னக் காந்தம், அதில் ஒட்டிய கண்ணாடி, கண்ணாடியில் பட்டுத் திரும்பும் விளக்கொளி. அந்த ஒளிப்புள்ளி நாளுக்கு ஒரு சுற்று சுற்றும் உருளையில் உள்ள போட்டோத் தாளில் கோடு போடும். அசையாத இன்னொரு கண்ணாடி போடும் நேர்கோடுதான் அடிக்கோடு. பல நாடுகள் சேர்ந்து துருவப் பகுதிகளை ஆராய்ந்த 1932–33 இரண்டாம் துருவ ஆண்டுக்காக டென்மார்க்கின் டான் லா கூர் செய்த கருவிகள் இந்த வகைதான். வழக்கமாக மூன்று வளைகோடுகள் இருக்கும்: காந்த ஒதுக்கம் (ஊசி உண்மையான வடக்கிலிருந்து விலகும் கோணம்), கிடைத்தளக் கூறு (புலத்தின் படுக்கைவாட்டப் பகுதி), செங்குத்துக் கூறு. எது எது என்று ஓரத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள், எந்தப் பக்கம் போனால் மதிப்பு கூடுகிறது என்பதையும் சேர்த்து, ஏனென்றால் மேலே போனால் கூடுதல் என்ற விதி எல்லா நிலையத்துக்கும் கிடையாது.

அப்புறம் அளவு. மைக்ரோஃபிலிமிலிருந்து வந்த ஸ்கேனில் மில்லிமீட்டர் என்பதே தொலைந்து போயிருக்கும், அதை மணிக்குறிகளை வைத்து மீட்கலாம். மணிக்கு 15 அல்லது 20 மி.மீ. ஓடிய தாள்கள்தான் அதிகம். 15 என்றால் 24 மணி நேரத்துக்கு 360 மி.மீ., அதற்கு ஸ்கேனில் எத்தனை பிக்சல் என்று எண்ணி வகுத்துவிடுங்கள். பழைய தாள் நீளத்தில் ஒரு மாதிரியும் அகலத்தில் ஒரு மாதிரியும் சுருங்கும், அதனால் அகலத்துக்குத் தெரிந்த தூரம் ஏதாவது இருந்தால் அதையும் சரிபாருங்கள். கணக்கு எளிது: அடிக்கோடு 10,200 நானோடெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு), ஸ்கேல் மி.மீ.க்கு 8, அடிக்கோட்டிலிருந்து வளைகோடு 35 மி.மீ. மேலே, மேலே போனால் கூடுதல் என்று வைத்துக்கொண்டால் 8 × 35 = 280, ஆக 10,480.

அலகில் பலர் இடறுகிறார்கள். பழைய அலகான காமா என்று இருந்தால் அது நானோடெஸ்லாவேதான், எண்ணை மாற்ற வேண்டாம். சி.ஜி.எஸ். அலகில் 0.18 என்றால் 18,000 நானோடெஸ்லா. ஒதுக்கம் கோண நிமிடத்தில் இருக்கும், அதை நானோடெஸ்லாவாக்கக் கிடைத்தளக் கூறாலும் 0.000291 ஆலும் பெருக்க வேண்டும். கிடைத்தளக் கூறு 10,000 உள்ள துருவ நிலையத்தில் ஒரு நிமிடம் 2.9 நானோடெஸ்லாதான், 40,000 அளவில் இருக்கும் நம்ம பக்கத்தில் அதே ஒரு நிமிடம் 11.6. பழைய அறிக்கைகள் பலவற்றில் மேற்கு ஒதுக்கம்தான் நேர்குறி, இன்று கிழக்கு.

நேரம்தான் பெரிய பொறி. 1882–83 முதல் துருவ ஆண்டில் பல இடங்களில் கண்ணால் பார்த்து எழுதிய அட்டவணைகள்தான் மிஞ்சியிருக்கின்றன. மாதத்தின் 1, 15 தேதிகளில் எல்லா நிலையமும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, கோட்டிங்கன் நேரப்படி ஒரே கணத்தில் எடுத்தவை அவற்றில் உண்டு. கோட்டிங்கன் நேரத்திலிருந்து 40 நிமிடம் கழித்தால் கிரீன்விச், 4 மணி 50 நிமிடம் கூட்டினால் நம்ம நேரம்.

காந்தப்புலம் கொந்தளிக்கும் காந்தப் புயல் நாளில் பொறுமை வேண்டும். ஒளிப்புள்ளி வேகமாக ஓடும்போது தாளில் ஒளி போதுமான அளவு விழாது, கோடு மங்கி நரையாகி, உச்சியில் திரும்பும் இடத்தில் மட்டும் கறுப்பாகத் தெரியும். நடுவில் உள்ளதை ஊகித்து வரையாதீர்கள், வெற்றிடமாக விடுங்கள். தாளை விட்டே வெளியே போனால் அதே அளவைத் தொடர்ந்து காட்டும் மாற்றுக்கோடு ஒன்று மறுஓரத்திலிருந்து நுழையும். புதியவர்கள் அதைத் திடீர் வீழ்ச்சி என்று எடுத்துவிடுவார்கள், உண்மையில் இரண்டு கோட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கண்டுபிடித்துச் சேர்க்க வேண்டும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் பின்னோக்கிப் போய், அமைதியாக இருந்த மணியிலிருந்து ஒவ்வொன்றாகத் தொடருங்கள். எடுத்து முடித்ததும் மணிவாரிச் சராசரி போட்டு ஆண்டறிக்கை அட்டவணையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் எல்லா மணியிலும் ஒரே அளவு என்றால் அடிக்கோடு தப்பு, ஏற்ற இறக்கம் பெரிதாக ஆக வித்தியாசமும் கூடினால் ஸ்கேல் தப்பு.

1957–58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டுத் தாள்களில் ஆரம்பிப்பது நல்லது. அவற்றைத் திரட்டி வைக்கத்தான் உலகத் தரவு மையங்களே தொடங்கின, இன்று மும்பையிலும் புவிகாந்தத்துக்கு ஒன்று இருக்கிறது. துருவத் தாளோடு அதே நாளின் திருவனந்தபுரம் அல்லது கொடைக்கானல் பதிவையும் எடுத்துக்கொள்ளுங்கள். துருவப் பகுதியில் எழும் சில அலைவுகள் காந்த நிலநடுக்கோட்டில் பகல் வேளையில் அதே சமயத்தில் தெரியும் என்று ஜப்பானிய விஞ்ஞானி நிஷிடா 1968-இல் காட்டினார். சுமார் 105 கி.மீ. உயரத்தில் நம் தலைக்கு மேல் பகலில் ஓடும் எலக்ட்ரோஜெட் மின்னோட்டம்தான் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. நெல்லையில் சூரியன் உச்சிக்கு வரும் நண்பகல், ஆண்டுச் சராசரியில், கிரீன்விச் நேரம் ஏறக்குறைய 06:49. அதற்கு முன்னும் பின்னும் மூன்று மணி நேரத்தை இரண்டு தாளிலும் வெட்டி எடுத்து, கிடைத்தளக் கூறை ஒன்றின் கீழ் ஒன்றாக வரைந்து, சின்னச் சின்ன முகடுகள் ஒரே நிமிடத்தில் விழுகின்றனவா என்று பாருங்கள்.