மானூரன் எம்ஆர் 73 ரிவால்வரை அடையாளம் காண்பது எப்படி?

1973இல் அறிமுகமாகி, பிரெஞ்சு ராணுவக் காவல் படையான ஜாந்தார்மரியின் ழிழென் (GIGN) எனப்படும் சிறப்புப் படை விரும்பி ஏந்திய மானூரன் எம்ஆர் 73 ரிவால்வரைச் சேகரிப்பில் ஆராய்பவர், தோட்டா இல்லை என்பதைத் தகுதியுள்ளவர் மூலம் முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

பின்னர் தயாரிப்பாளர் முத்திரையைப் படியுங்கள். பிரான்சின் அல்சாஸ் பகுதியில் பிறந்த இந்த ரிவால்வரின் தயாரிப்பை 1998இல் ஷப்புயி என்ற துப்பாக்கி நிறுவனம் ஏற்றதால், காலத்தைக் கணிக்க அது உதவும்.

வெளித்தோற்றம் அமெரிக்க ஸ்மித் அண்ட் வெஸ்ஸனை நினைவூட்டுவதால் ஏமாந்துவிடக் கூடாது. உண்மையான வேறுபாடு உள்ளே இருக்கிறது. சுடும் விசை (டிரிகர்) திரும்பும் பகுதியில் உராய்வைக் குறைக்கும் சிற்றுருளைகள் உள்ளன. விசையின் இறுக்கத்தைத் திருகால் சரிசெய்யலாம். குழலோ குளிர்நிலையில் சுத்தியலடித்து உருவாக்கப்பட்டது. .357 மேக்னம் தோட்டாக்கள் ஆறு கொள்ளும் சுழலறையை மாற்றி, 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கானதைப் பொருத்தவும் வழியுண்டு.