வைஃபையில் கால் பேசும்போது குரல் விட்டு விட்டுக் கேட்கிறதா?

வாட்ஸ்அப் காலில் குரல் வெட்டி வெட்டி வந்தால் உடனே பிளானை மாற்றப் போகாதீர்கள், பேச்சுக்கு மட்டும் நொடிக்கு 100 கிலோபிட் சீராகக் கிடைத்தாலே தாராளம். சிக்கல் பெரும்பாலும் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான், பக்கத்து வீட்டு ரவுட்டர், ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான் முட்டிமோதுகின்றன. ரவுட்டர் இருக்கும் அறையிலேயே பேசுவதென்றால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் அது சோர்ந்துவிடும், அப்போது பழைய 2.4 கிகாஹெர்ட்ஸே மேல்.

அப்புறம், கூகுள் போட்டோஸ் சத்தமில்லாமல் வீடியோக்களை ஏற்றிக்கொண்டிருந்தால் அதை நிறுத்தி வையுங்கள், அப்லோடு நிரம்பிவிட்டால் நீங்கள் பேசுவதுதான் அந்தப் பக்கம் துண்டு துண்டாகப் போகும். வீட்டுக்குள் டவர் சிக்னலே இல்லையா? போனும் சிம் நிறுவனமும் ஆதரித்தால் செட்டிங்ஸில் வைஃபை காலிங்கை ஆன் செய்யுங்கள், சாதாரண நம்பருக்கே பேசலாம், எதிரில் இருப்பவருக்கு நெட் தேவையில்லை.