சிரித்தால் கை துவளும் பிள்ளை: நார்கோலெப்ஸியில் நாங்கள் விட்ட பிழைகள்

தம்பி உயர்தரம் படித்த காலத்தில், வெள்ளவத்தையில் 100 அல்லது 101 பஸ் ஏறிப் பம்பலப்பிட்டியில் இறங்க வேண்டும். பத்து நிமிடப் பயணம். ஆனால் வாரத்தில் இரண்டு நாளாவது அவன் கண் விழிப்பது புறக்கோட்டையில்தான், அதுவும் கொண்டக்டர் தட்டி எழுப்பினால். வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றே: பஞ்சி. இரவிரவாகப் போன் பார்க்கிறான் என்று அம்மா அதைப் பறித்துத் தன் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். கரம் விளையாடும்போது ரெட் விழுந்த சந்தோஷத்தில் சிரிப்பான். உடனே ஸ்ட்ரைக்கர் கையிலிருந்து நழுவும், தலை முன்னுக்குத் தொங்கும், சில விநாடியில் சரியாகிவிடும். பகிடி விடுகிறான் என்று நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

17 வயதில் தொடங்கியதற்கு 24 வயதில்தான் பெயர் தெரிந்தது: நார்கோலெப்ஸி, பகலில் அடக்க முடியாமல் நித்திரை வரும் நோய். அந்த ஏழு வருடத்தில் நாங்கள் விட்ட பிழைகளும், பிறகு வாசித்தும் டொக்டர்களிடம் கேட்டும் அறிந்துகொண்டவையும்தான் இங்கே. இன்னொரு வீட்டில் இத்தனை வருடம் வீணாகக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் மூளையின் ஹைப்போதலமஸ் என்ற பகுதியில் ஓரெக்சின் என்ற பொருளைச் சுரக்கும் நரம்புக் கலங்கள் இருக்கின்றன. எண்ணிக்கையில் மிகக் குறைவு, ஆனால் விழிப்பைப் பிடித்து வைத்திருப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு. 1998இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக இந்தப் பொருளைக் கண்டுபிடித்தன. அதனால்தான் ஹைப்போகிரெட்டின் என்ற இன்னொரு பெயரும் அதற்கு உண்டு. அடுத்த வருடமே, நார்கோலெப்ஸி உள்ள டோபர்மன் நாய்களில் ஓரெக்சினை ஏற்கும் வாங்கியில் பழுது இருப்பது ஸ்டான்போர்டில் தெரியவந்தது. இறந்த நோயாளிகளின் மூளையை 2000இல் ஆராய்ந்தபோது, அந்தக் கலங்களில் நூற்றுக்கு 85 முதல் 95 வரை அழிந்துபோயிருந்தன. உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே அவற்றைத் தாக்குகிறது என்பதற்குப் பலமான அறிகுறிகள் உண்டு. அத்தனை கலங்களை இழந்த பிள்ளையிடம் முகம் கழுவிவிட்டுப் படி என்று சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது இப்போதும் மனதை அறுக்கிறது.

நாங்கள் விட்ட முதல் பிழை, நித்திரையை நல்ல பழக்கம் கெட்ட பழக்கம் என்று மட்டும் பார்த்தது. இதில் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கொழும்பில் காலை ஏழரைக்குப் பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன், இரவு படிப்பு என்று ஓடும் பிள்ளை வகுப்பில் தூங்கி விழுந்தால், பெரும்பாலும் அதற்குக் காரணம் நித்திரை போதாமைதான். ஆகவே எடுத்த எடுப்பில் நார்கோலெப்ஸி என்று பயப்படவும் தேவையில்லை. பள்ளி விடுமுறையில் இரண்டு வாரம் பிள்ளை விரும்பிய நேரம் வரை நித்திரை கொள்ளட்டும். அதற்குப் பிறகும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பேசிக்கொண்டிருக்கும்போது கண் சொருகினால் காட்டத்தான் வேண்டும். நார்கோலெப்ஸி உள்ளவர்களுக்குச் சின்னக் குட்டித் தூக்கம் நல்ல தெளிவைத் தரும். ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் திரும்பவும் அமுக்கும். இரவில் அவர்கள் அடித்துப்போட்டது போலத் தூங்குவதும் இல்லை, அடிக்கடி விழிப்பார்கள். இடியோபதிக் ஹைப்பர்சோம்னியா என்ற இன்னொரு வகையில் எவ்வளவு நேரம் படுத்தாலும் தெளிவே வராது. பலமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திணறுபவருக்கு ஸ்லீப் அப்னியாவாக இருக்கலாம். அது இவற்றைவிடப் பல மடங்கு பரவலானது, வைத்தியமும் வேறு.

அடுத்தது வலிப்பு என்ற முடிவு. சிரிப்பு, சந்தோஷம், சில வேளை கோபம் வந்ததும் தசைகள் திடீரெனத் துவளுவதைக் கேட்டப்ளெக்ஸி என்பார்கள். கண்ணிமை தொங்குவது, தாடை தளர்வது, பேச்சுக் குழறுவது, முழங்கால் மடிவது, எல்லாமே இதில் சேரும். விழுந்தாலும் நினைவு தப்பாது. சுற்றி யார் என்ன பேசினார்கள் என்று பிறகு சொல்வார்கள். நோய்க்கு இந்தப் பெயரை 1880இல் வைத்த பிரெஞ்சு வைத்தியர் ஜெலினோவின் நோயாளிக்கும் சிரிக்கும்போது கால் துவளத்தான் செய்தது. எங்கள் தம்பிக்கோ இரண்டு வருடம் வலிப்பு மருந்து கொடுத்தார்கள். மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் ஈ.ஈ.ஜி. சுத்தமாக இருந்தும் மருந்து நிற்கவில்லை. சிரிக்கும்போதுதான் விழுகிறான் என்ற ஒரு வசனத்தை நாங்கள் ஒருபோதும் டொக்டரிடம் சொல்லாததும் அதற்கு ஒரு காரணம். அவர் கேட்கவில்லை, எங்களுக்கு அது முக்கியம் என்று தெரியவில்லை. ஆகவே போனில் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். சனல் பண்ணி, அதாவது காசு கட்டி டொக்டரிடம் நேரம் பதிந்து, காத்திருந்து கிடைக்கும் பத்து நிமிடத்தில், அந்த அரை நிமிட வீடியோ பேசுவது அதிகம். சின்னப் பிள்ளைகளில் இது இன்னும் குழப்பும்: சிரிக்காமலே வாய் திறந்து, நாக்கு வெளியே தள்ளி நிற்கும், உடல் எடையும் சடுதியாகக் கூடலாம்.

பேய் அமுக்குகிறது என்று கயிறு கட்டுவதும் நடக்கிறது. விழிக்கும்போது உடல் அசையாமல், நெஞ்சில் யாரோ ஏறி இருப்பது போலத் தோன்றுவது கனவு நித்திரையின் ஒரு துண்டு விழிப்புக்குள் கசிவதுதான். நார்கோலெப்ஸி இல்லாத பலருக்கும் வாழ்நாளில் ஓரிரு தடவை அது வரும். அதை மட்டும் வைத்துக்கொண்டு நோய் என்று முடிவு கட்டக் கூடாது.

இப்போது பரிசோதனை. அதிகம் கெட்டுப்போவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இரவு முழுக்கத் தலை, கண்ணோரம், தாடை, கால் எல்லாம் வயர் ஒட்டி நித்திரையைப் பதிவு செய்வார்கள். மறுநாள் பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, ஐந்து தடவை, இருட்டறையில் படுக்கச் சொல்வார்கள். சராசரியாக 8 நிமிடத்துக்குள் நித்திரை வருகிறதா, அதில் இரண்டு தடவையாவது 15 நிமிடத்துக்குள் கனவு நித்திரை தொடங்குகிறதா என்று பார்ப்பார்கள். சாதாரணமாக எங்களுக்குக் கனவு நித்திரை வர ஒன்றரை மணித்தியாலம் அளவில் எடுக்கும். நார்கோலெப்ஸியில் அந்தக் கதவு உடனே திறந்துவிடுகிறது.

தம்பியின் முதல் பரிசோதனை ஒன்றும் இல்லை என்று வந்தது. அப்போது மனச்சோர்வுக்கு அவன் மருந்து எடுத்துக்கொண்டிருந்தான். அதை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அந்த வகை மருந்துகளில் பெரும்பாலானவை கனவு நித்திரையை அடக்கிவிடும். இருப்பதை மறைத்துக் காட்டும் ரிப்போர்ட் அது. மறுபக்கமும் உண்டு: இரவு வேலை செய்துவிட்டு, அல்லது ஒரு வாரம் அரை நித்திரையோடு வந்து படுத்தால், நோய் இல்லாதவரின் ரிப்போர்ட்டும் நார்கோலெப்ஸி போலக் காட்டலாம். அதனால்தான் பரிசோதனைக்கு முந்திய ஒன்றிரண்டு வாரம் படுத்த நேரம், எழுந்த நேரம், பகல் தூக்கம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதச் சொல்கிறார்கள். முதல் நாள் இரவு ஆறு மணித்தியாலமாவது தூங்கியிருக்க வேண்டும். மருந்துகளைப் பொதுவாக இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், உடலில் நீண்ட நாள் தங்கும் சிலவற்றை இன்னும் முன்பே. ஆனால் நீங்களாக ஒருபோதும் நிறுத்தாதீர்கள். சடுதியாக நிறுத்தினால் மனச்சோர்வு திரும்பலாம், கேட்டப்ளெக்ஸி அடுக்கடுக்காக வரலாம். எழுதிக் கொடுத்த டொக்டரோடு பேசிப் படிப்படியாகச் செய்ய வேண்டியது அது. பரிசோதனை நாளில் பிளேன் டீயும் வேண்டாம்.

இந்தப் பரிசோதனையும் முடிந்த முடிவு கிடையாது. கேட்டப்ளெக்ஸி இல்லாத இரண்டாம் வகையில், அதே ஆளுக்குத் திரும்பச் செய்தால் வேறு முடிவு வருவது சாதாரணம். நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணு வகையைத் தேடும் எச்.எல்.ஏ. இரத்தப் பரிசோதனைக்குக் காசு கொட்டி, பொசிட்டிவ் வந்ததும் அழுதவர்களையும் கண்டிருக்கிறேன். பெரும்பாலும் கேட்டப்ளெக்ஸியோடு வரும் முதலாம் வகை நோயாளிகளில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் அந்த மரபணு வகை இருப்பது உண்மை. ஆனால் எந்த நோயும் இல்லாத எத்தனையோ பேருக்கும் அது இருக்கிறது. முள்ளந்தண்டு நீரில் ஓரெக்சின் அளவு மில்லிலீற்றருக்கு 110 பிகோகிராம் அல்லது அதற்குக் குறைவு என்றால் அது வேறு கதை, பலமான சான்று.

பகலில் எவ்வளவு நித்திரை வருகிறது என்று அளக்கும் எப்வர்த் கேள்வித்தாளை இணையத்தில் நிரப்பி நோயைத் தீர்மானிக்கிறவர்களும் உண்டு. 24க்கு 10க்கு மேல் வந்தால் பகல் நித்திரை அளவுக்கு மிஞ்சியது என்று அர்த்தம். ஏன் என்று அது சொல்லாது.

ஆராய்ச்சிச் செய்திகளை வாசிப்பதிலும் சறுக்குகிறோம். 2009, 2010 பன்றிக் காய்ச்சல் காலத்தில் பாண்டெம்ரிக்ஸ் என்ற ஒரு தடுப்பூசிக்குப் பிறகு பின்லாந்திலும் சுவீடனிலும் பிள்ளைகளிடையே நார்கோலெப்ஸி கூடியது உண்மை. சீனாவில் பெரும்பாலான நோயாளிகள் தடுப்பூசி போடாதவர்களாக இருந்தும், அந்தக் காய்ச்சல் பரவிய பிறகு புதிய நோயாளிகள் கூடினார்கள் என்பதும் உண்மை. முதலாவதை மட்டும் பகிர்ந்து, பிள்ளைக்கு எந்த ஊசியும் வேண்டாம் என்று முடிவெடுப்பது ஆபத்து.

புதிய மருந்துச் செய்தி வந்தால் மனம் துள்ளும், எனக்கும் துள்ளியது. ஓரெக்சின் செய்யும் வேலையைச் செய்யும் மாத்திரைகள் ஆய்வில் இருக்கின்றன. அவற்றில் டக்-994 என்பது நோயாளிகளை நன்றாக விழித்திருக்க வைத்தது. ஆனால் சிலரின் ஈரலைப் பாதித்ததால் 2021இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. அதற்குப் பின் வந்த ஒவெபொரெக்ஸ்டன் முதலாம் வகை நோயாளிகளில் நல்ல பலன் காட்டியதாக 2025இல் ஆய்வறிக்கை வெளியானது. முதலாம் வகையில் என்பதைக் கவனியுங்கள்; மற்ற வகைகளுக்கு அதை அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது.

யாராவது ஆய்வில் சேரச் சொன்னால், அதை வைத்தியம் என்று நினைத்துச் சேராதீர்கள். உங்களுக்குக் கிடைப்பது மருந்தே இல்லாத மாத்திரையாகவும் இருக்கலாம், சில ஆய்வுகளில் இப்போதைய மருந்தையும் நிறுத்த வேண்டி வரலாம். இலங்கை மருத்துவச் சங்கம் 2006 முதல் மருத்துவ ஆய்வுகளுக்கான பதிவேடு ஒன்றை நடத்துகிறது, அதை யாரும் இணையத்தில் பார்க்கலாம். அதில் இருக்கிறதா, எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது என்று கேளுங்கள். சம்மதப் பத்திரத்தைத் தமிழில் கேளுங்கள். விளங்காத மொழியில் கையெழுத்து வைக்கும் அவசரம் எங்கள் ஆட்களிடம் அதிகம், டொக்டர் கோபிப்பார் என்ற பயமும். ஆய்விலிருந்து எப்போதும் விலகலாம். அதற்காக வழமையான வைத்தியத்தை மறுக்க முடியாது.

மருந்து பற்றி இரண்டே விடயம். விழித்திருக்க உதவும் மொடாபினில் என்ற மருந்து கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்கள் டொக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சோதனைக்குப் படிக்கிற பிள்ளை வேறொருவரின் மாத்திரையை வாங்கிப் போடவே கூடாது. அப்புறம் வாகனம்: நித்திரை கட்டுப்பாட்டுக்குள் வந்தது என்று டொக்டர் சொல்லும்வரை மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுக்காதீர்கள். தம்பி எங்களோடு மூன்று மாதம் கதைக்கவில்லை, பரவாயில்லை.

மாத்திரையோடு அவனுக்கு உதவுவது நேரம் குறித்த குட்டித் தூக்கம். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு 20 நிமிடம் படுக்க அவன் வேலைத்தலத்தில் ஒரு சின்ன அறை கொடுத்திருக்கிறார்கள். டொக்டரின் கடிதத்தோடு போய்க் கேட்டது அம்மா. வீட்டுக்கு வரும் 101 பஸ்ஸில் இப்போது அவன் ஜன்னலோரம் நின்றுகொண்டு வருகிறான், வெள்ளவத்தைச் சந்தையில் இறங்கி மரக்கறியும் வாங்கி வருகிறான்.