நடுத்தர பிக்கப்: பாறையும் ஏற வேண்டும், டிரெய்லரும் இழுக்க வேண்டும் என்பவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் நடுத்தர பிக்கப் தேடுகிறவர் மனதில் பெரும்பாலும் இரண்டு ஆசைகள் இருக்கும். வார இறுதியில் யூட்டா பக்கம் போய்ப் பாறையிலும் மணலிலும் ஓட்ட வேண்டும். கோடை விடுமுறையில் பின்னால் ஒரு கேம்பர் டிரெய்லரை மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். டொயோட்டா டக்கோமா, செவி கொலராடோ, ஃபோர்டு ரேஞ்சர், ஜீப் கிளாடியேட்டர், நிசான் ஃப்ரான்டியர் என எல்லாமே இரண்டையும் செய்வதாகத்தான் விளம்பரம் சொல்கிறது. அது பொய் இல்லை. ஆனால் விளம்பரப் படத்தில் பாறைமேல் ஏறி நிற்கும் வண்டியும், அதற்குக் கீழே பெரிய எழுத்தில் போட்டிருக்கும் இழுவை எண்ணுக்கு உரிய வண்டியும் அநேகமாக ஒரே வண்டி அல்ல. பெயர்தான் ஒன்று.

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. டக்கோமாவா கொலராடோவா என்று நண்பர்கள் மணிக்கணக்கில் வாதிடுவார்கள். எந்த டக்கோமா, எந்த கொலராடோ என்று யாரும் கேட்பதில்லை.

கொலராடோவையே எடுத்துக்கொள்வோம். அதன் அதிகபட்ச இழுவை 7,700 பவுண்டு. ஆனால் ஒரே மாடலிலேயே பல வகைகள் உண்டு, அவற்றை டிரிம் என்பார்கள். முன்னும் பின்னும் லாக்கர் (ஒரு அச்சின் இரு சக்கரங்களையும் சேர்ந்தே சுழல வைப்பது), 33 அங்குல டயர், விலை உயர்ந்த ஷாக் அப்சார்பர்கள் என ஆஃப்ரோடுக்காகவே, அதாவது சாலையில்லா இடத்தில் ஓட்டவே வரும் இசட்ஆர்2 டிரிம்மில் அது 6,000 பவுண்டாக இறங்கிவிடும். அதற்கும் மேலே 35 அங்குல டயரோடு வரும் பைசனில் 5,500. ரேஞ்சரும் அப்படித்தான். சாதாரண ரேஞ்சர் 7,500 பவுண்டு இழுக்கும், 405 குதிரைத்திறன் உள்ள அதன் ஆஃப்ரோடு டிரிம்மான ராப்டர் 5,510 பவுண்டோடு நின்றுவிடும். அதிக சக்தி உள்ள வண்டி குறைவாக இழுக்கிறதே என்று சிலருக்கு வியப்பாக இருக்கும். இழுவைக்கு இன்ஜின் மட்டும் போதாது. குழியில் விழுந்தாலும் முதுகு வலிக்காதபடி மென்மையாக, நீளமாக ஆடும் சஸ்பென்ஷன், டிரெய்லரின் மூக்கு அழுத்தும்போது பின்பக்கம் தணிந்துவிடும். ராப்டரில் பின்பக்கத்துக்கு லீஃப் ஸ்பிரிங்குக்குப் பதில் காயில் ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். பாலைவனத்தில் வேகமாக ஓட்ட அது அருமை. 6,000 பவுண்டு டிரெய்லருக்கு அது பொருந்தாது.

சரி, ஹைப்ரிட் டக்கோமா? 465 பவுண்டு-அடி டார்க் (சுழற்று விசை) என்று கேட்டதும் இழுவைக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஹைப்ரிட் இல்லாத டக்கோமாவின் உச்சம் 6,500 பவுண்டு, ஹைப்ரிடின் உச்சம் 6,000. அதன் உச்ச ஆஃப்ரோடு டிரிம்களான டிஆர்டி ப்ரோவும் டிரெயில்ஹன்டரும் ஹைப்ரிடாக மட்டுமே வருவதால் அவற்றில் வேறு வழியும் இல்லை. கணக்குப் போட்டாலே விஷயம் புரியும். பேட்டரி 1.87 கிலோவாட்-மணி, மோட்டார் 48 குதிரைத்திறன். முழுத் திறனில் ஓடினால் அந்தப் பேட்டரி மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். சிக்னலில் இருந்து கிளம்பவும், பாறையில் மெதுவாக ஏறவும் அந்த உதவி பிரமாதம். பத்து மைல் நீளும் மலை ஏற்றத்தில் பெரும்பகுதி வேலையைப் பெட்ரோல் இன்ஜின்தான் செய்தாக வேண்டும்.

இன்னொன்று, டோ பேக்கேஜ், அதாவது இழுவைக்காகத் தொழிற்சாலையில் சேர்க்கும் சாதனத் தொகுப்பு. அது இல்லாத ரேஞ்சரின் இழுவை 3,500 பவுண்டுதான். பழைய வண்டி வாங்குகிறவர்கள் பின்னால் ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் இணைப்பு) தொங்குவதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். முன்னால் வைத்திருந்தவர் வெளிக்கடையில் ஹிட்ச் மாட்டியிருந்தால் வண்டியின் வரம்பு ஒரு பவுண்டுகூட உயராது. தொழிற்சாலையிலேயே டோ பேக்கேஜோடு வந்ததா என்று விஐஎன் என்ற வண்டி அடையாள எண்ணை வைத்து டீலரிடம் கேட்டுவிடலாம்.

கதவைத் திறந்தால் தெரியும் எண்

இந்த விஷயத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் நான் பேலோடை, அதாவது வண்டி தன்மேல் சுமக்கக்கூடிய எடையைத்தான் சொல்வேன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். ஒரே மாடல், ஒரே டிரிம் என்றாலும் சன்ரூஃப் உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் இந்த எண் மாறும். இணையத்தில் காண்பது அந்த மாடலின் அதிகபட்சம். உங்கள் வண்டிக்கு உரியது கதவில் ஒட்டியிருப்பது மட்டும்தான்.

டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சின் மேல் அழுத்தும். அந்த அழுத்தமும் பேலோடில் சேர்த்தி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்டிக்கரில் 1,200 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம், ஆஃப்ரோடு டிரிம்களில் இது இயல்பான அளவு. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 500 பவுண்டு. டிரெய்லர் 6,000 பவுண்டு, மூக்கு அழுத்தம் 12 சதவீதம் என்றால் 720. மொத்தம் 1,220. பின்பெட்டியில் ஒரு குளிர்ப்பெட்டிகூட வைக்கவில்லை, அதற்குள் வரம்பு தாண்டியாயிற்று. விளம்பரம் 6,000 பவுண்டு இழுக்கும் என்று சொன்னது உண்மைதான், இந்தக் குடும்பத்தால் இழுக்க முடியாது என்பதும் உண்மைதான்.

சரி, 5,000 பவுண்டு டிரெய்லர் என்றால்? மூக்கு அழுத்தம் 600, ஆட்கள் 500, மிச்சம் 100 பவுண்டு. எடையைப் பகிர்ந்து தரும் ஹிட்ச் வாங்கினால் அதன் எடையே அந்த மிச்சத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும். அப்புறம் எஃகு பம்பர், சிக்கிய வண்டியைக் கம்பியால் இழுக்கும் வின்ச், கூரைக் கூடாரம், அதற்கு ஒரு ரேக் என்று ஆஃப்ரோடுக்காகப் பின்னால் சேர்ப்பது எல்லாம் இந்தக் கணக்கில்தான் கழியும். வண்டி வாங்கிய ஆறு மாதத்தில் பாதி பேலோடைத் துணைக்கருவிகளுக்கே கொடுத்துவிட்டு, இழுக்கும்போது பின்பக்கம் தணிகிறதே என்று ஸ்பிரிங் மாற்றப் போவார்கள். கூடுதல் ஸ்பிரிங் வண்டியை நிமிர்த்திக் காட்டும். ஸ்டிக்கரில் உள்ள எண்ணை அது மாற்றாது.

டிரெய்லர் பக்கமும் இதே கதைதான். விற்பவர் சொல்வது வெறும் எடை. 4,200 பவுண்டு என்று சொல்லும் டிரெய்லரில் 40 காலன் தண்ணீர் நிரப்பினால் 330 பவுண்டு, இரண்டு புரொபேன் சிலிண்டர்கள் சுமார் 75, பேட்டரி 50, பாத்திரம் பண்டம் படுக்கை நாற்காலி எல்லாம் சேர்ந்து 400 என்று வைத்தால் 5,000ஐத் தாண்டிவிடும். மூக்கு அழுத்தத்தைக் குறைக்கலாமே என்று சாமான்களை டிரெய்லரின் வால் பக்கம் தள்ளுகிறவர்களும் உண்டு. இது எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. அழுத்தம் 10 சதவீதத்துக்குக் கீழே போனால், நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு லாரி கடந்துபோகும் காற்றிலேயே டிரெய்லர் பாம்புபோல் ஆடத் தொடங்கும்.

சந்தேகம் இருந்தால் எடை போட்டுவிடுங்கள். லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் என்ற எடை மேடை இருக்கும். சில டாலர் செலவில் ஒவ்வொரு அச்சின் எடையும் தாளில் கிடைத்துவிடும்.

அந்த எண் எங்கிருந்து வந்தது

எஸ்ஏஇ ஜே2807 என்று ஒரு பொது அளவுகோல் இருக்கிறது. அதன்படி சோதிக்கும்போது வண்டி அரிசோனாவில் புல்ஹெட் சிட்டிக்குப் பக்கத்தில் உள்ள டேவிஸ் அணை ஏற்றத்தில் டிரெய்லரோடு ஏற வேண்டும். சுமார் 11 மைல் ஏற்றம், 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், ஏசி முழு வேகத்தில். மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது. கடுமையான சோதனைதான். ஆனால் வண்டிக்குள் 150 பவுண்டு எடையுள்ள இரண்டு பேர்தான் இருப்பதாக அது வைத்துக்கொள்கிறது. பின் இருக்கையில் பிள்ளைகளும், பெட்டியில் சைக்கிள்களும் ஏறியதும் அந்த எண் உங்களுக்குப் பொருந்தாமல் போகிறது.

ஆஸ்திரேலிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு, அங்கே இதே ரேஞ்சர் 3,500 கிலோ இழுக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. அங்கே டீசல் வண்டிகள், வேறு விதிகள். வேடிக்கை என்னவென்றால் அங்கும் ராப்டருக்கு 2,500 கிலோதான். பவுண்டில் மாற்றிப் பாருங்கள், அமெரிக்க எண்ணேதான் வரும்.

உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். கொலராடோ மாநிலத்தில் ஐ-70 சாலையில் உள்ள ஐசன்ஹவர் சுரங்கம் 11,000 அடிக்கும் மேலே இருக்கிறது. கிளாடியேட்டரின் 285 குதிரைத்திறன் வி6 அங்கே ஏறும்போது 190ஐ ஒட்டி வந்துவிடும், ஃப்ரான்டியரின் 310 சுமார் 210 ஆகிவிடும். ரேஞ்சர், கொலராடோ, டக்கோமா மூன்றும் டர்போ என்பதால் இழப்பு மிகக் குறைவு. டெக்சஸ் சமவெளியில் இருப்பவருக்கு இது பொருட்டே இல்லை. டென்வர்க்காரருக்கு இதுவே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

எரிபொருள் பற்றி ஒரு வரி: உயரமான கேம்பரை இழுத்தால் மைலேஜ் பாதியாகக் குறைவது சகஜம். யூட்டாவில் கிரீன் ரிவருக்கும் சலைனாவுக்கும் இடையே ஐ-70இல் சுமார் 110 மைலுக்கு பெட்ரோல் பங்கே கிடையாது. 18.2 காலன் டாங்க் உள்ள டக்கோமாவோடு காலனுக்கு 10 மைல் என்று போகிறவர் கிரீன் ரிவரில் நிரப்பாமல் தாண்டக் கூடாது.

தரை இடைவெளி மட்டும் பார்ப்பவர்கள்

ஆஃப்ரோடு பக்கம் வந்தால், எத்தனை அங்குல கிரவுண்ட் கிளியரன்ஸ் என்பதோடு ஒப்பீடு முடிந்துவிடுகிறது. ரூபிகான் டிரிம்மில் கிளாடியேட்டருக்கு 11.1 அங்குலம், இசட்ஆர்2வுக்கும் ராப்டருக்கும் 10.7. அரை அங்குல வித்தியாசத்தைவிட, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள சக்கர இடைத்தூரம் பெரிய விஷயம். நான்கு கதவு ரேங்ளர் ஜீப்பில் அது 118.4 அங்குலம். கிளாடியேட்டரில் 137.3. முன்பக்கம் எவ்வளவு அழகாக ஏறினாலும், மேட்டின் உச்சியில் நடுவயிறு உரசும். டக்கோமாவில் 5 அடி பெட்டி என்றால் 131.9, 6 அடிப் பெட்டி என்றால் 145.1. சாமான் கூடுதலாக ஏறட்டும் என்று நீளப் பெட்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, குறுகிய வளைவுகளில் முன்னும் பின்னுமாக நெளிக்க வேண்டிவரும். ஆனால் டிரெய்லர் இழுக்கும்போது அதே நீளம்தான் வண்டியை நிதானமாக வைத்திருக்கிறது.

இரண்டு ஆசைகளும் நேரடியாக மோதும் இடம் ஹிட்ச். பின்னால் கீழே தொங்கும் அந்த இரும்புதான் பள்ளத்திலிருந்து ஏறி வெளியே வரும்போது முதலில் தரையில் குத்தும். பந்து மாட்டும் பகுதியையாவது கழற்றி உள்ளே போட்டுவிட்டுப் பாதையில் இறங்குவது நல்லது.

டயரும் அப்படித்தான். 31 அங்குலத்தை எடுத்துவிட்டு 35 அங்குலம் போட்டால் தரை இடைவெளி 2 அங்குலம்தான் உயரும். ஆனால் கியர் விகிதம் சுமார் 13 சதவீதம் நீண்டுவிடும், அதாவது சக்கரத்தில் இழுக்கும் விசை குறையும். பிரேக்குக்கும் வேலை கூடும், எரிபொருளும் கூடும். இழுக்கவும் போகிறவர் தொழிற்சாலை தந்த அளவோடு நிற்பதே மேல். மணலுக்காகக் காற்றை 20 பிஎஸ்ஐக்கு இறக்கினால், டிரெய்லரை மறுபடி மாட்டும் முன் பழைய அழுத்தத்துக்குக் காற்றடிக்க ஒரு சின்ன கம்ப்ரஸர் கையில் இருக்க வேண்டும்.

பாறையில் மெதுவாக ஏறுவதற்குக் குதிரைத்திறன் பெரிதாக உதவாது. வேகத்தைக் குறைத்து இழுவிசையைப் பெருக்கும் லோ ரேஞ்ச் கியரும் லாக்கரும்தான் உதவும். ரூபிகானின் 4:1 லோ ரேஞ்ச் இதற்கென்றே செய்தது, அதன் திடமான முன் அச்சும் அப்படித்தான். நெடுஞ்சாலையில் அதே அச்சு ஸ்டியரிங்கைக் கொஞ்சம் அலைய விடும், பின்னால் டிரெய்லர் இருக்கும்போது அது களைப்பு தரும். ராப்டர் அகலமான வண்டி. திறந்த பாலைவனத்தில் அது நிம்மதி, மரங்களுக்கிடையே போகும் காட்டுப்பாதையில் கதவெல்லாம் கீறல்.

ஹோண்டாவின் நடுத்தர பிக்கப்பான ரிட்ஜ்லைன் இந்தப் பேச்சிலேயே வருவதில்லை. அதற்கு லோ ரேஞ்ச் கிடையாது, 5,000 பவுண்டுக்கு மேல் இழுக்காது. ஆனால் பலரும் உண்மையில் போகும் பாதை சரளைக்கல் போட்ட வனத்துறைச் சாலைதான், இழுப்பது ஒரு சின்னப் படகுதான். அவர்களுக்கு அது போதும் என்பது என் அபிப்பிராயம், பெருமை கொஞ்சம் குறையும் அவ்வளவுதான்.

இரண்டுமே வேண்டும் என்பவர் உச்ச டிரிம்மை விட்டு ஒரு படி கீழே பார்ப்பது நல்லது. பின் லாக்கரும் லோ ரேஞ்சும் உள்ள டக்கோமா டிஆர்டி ஆஃப்ரோடு, ஃப்ரான்டியர் ப்ரோ-4எக்ஸ் போன்றவை 4,000 பவுண்டை ஒட்டிய டிரெய்லரோடு சங்கடமில்லாமல் போகும். டிரெய்லர் நிறைந்த எடையில் 5,500ஐத் தாண்டும் என்றால் நடுத்தர வண்டிகளை விட்டு ஃபோர்டு எஃப்-150 மாதிரி, அரை டன் என்று அழைக்கப்படும் பெரிய பிக்கப்புக்குப் போய்விடுங்கள். பாறை ஆசைக்கு, யூட்டாவின் மோவாப் ஊரிலேயே ஜீப் வாடகைக்குக் கிடைக்கிறது. டிரெய்லரை முகாமில் நிறுத்திவிட்டு ஒரு நாள் வாடகை ஜீப்பில் போய் வரலாம், கீறல் விழுந்தாலும் உங்கள் வண்டியில் விழாது.