படப்பிடிப்புத் தளத்துப் பழைய ஸ்டில்கள்: தேடுவது, சோதிப்பது, காப்பது

திருநெல்வேலிப் பக்கம் பழைய கறுப்பு வெள்ளை ஸ்டில் தேடுகிறவர்கள், மூடிக் கிடக்கும் டாக்கீஸ்களின் குடும்பத்தாரிடம் முதலில் விசாரியுங்கள். பிறகு டவுன், பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரத்தில் பழைய போட்டோ ஸ்டுடியோக்கள், படத்துக்குச் சட்டம் போடும் கடைகள், பழைய பேப்பர் கடைகள். நடிகர் சிரித்து நிற்கும் படம் நிறையவே கிடைக்கும். மைக், ரிஃப்ளெக்டர், கிளாப் போர்டு, முகத்துக்கு டச்சப் போடும் மேக்கப்காரர் எல்லாம் தெரிகிற தளப் படம்தான் அபூர்வம். காசை அதற்கு வைத்திருங்கள்.

1. வாங்குமுன்: 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். சீரான புள்ளிகள் தெரிந்தால் அது பத்திரிகையிலோ பாட்டுப் புத்தகத்திலோ அச்சானது, போட்டோ அல்ல. அடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். படத்தில் மடிப்பும் கீறலும் தெரிந்து, தாள் மட்டும் வழவழவென்று சமமாக இருந்தால், பழைய பிரிண்டைப் படமெடுத்துப் போட்ட நகல். ஓரத்து இருட்டில் வெள்ளி மினுமினுத்தால் நல்ல அறிகுறி. படத்திலுள்ள வெள்ளியே மேலே வந்திருக்கிறது. துடைக்காதீர்கள். மூலைகளில் குண்டூசித் துளை இருந்தால் தியேட்டர் ஷோகேஸில் குத்தியதாக இருக்கலாம். அதைக் குறை என்று தள்ள வேண்டாம்.

2. முதுகைப் படியுங்கள்: முகத்தைவிட முதுகுதான் அதிகம் பேசும். ஸ்டுடியோ முத்திரை, படத்தின் பெயர், ஸ்டில் போட்டோகிராபர் பெயர் எதையும் அழிக்காதீர்கள். ஏ.வி.எம். காரைக்குடியிலிருந்து கோடம்பாக்கம் வந்தது 1948-ல். காரைக்குடி முத்திரை இருந்தால் காலம் ஓரளவு பிடிபட்டுவிடும். பின்பக்கம் பிளாஸ்டிக் பூசியதுபோல் இருந்தால் அது ஆர்.சி. (ரெசின் கோட்டட்) பேப்பர். 1970-களில் பரவியது. 1950-களின் காட்சி அதில் இருந்தால், பின்னாளில் போட்ட பிரிண்ட், விலையும் அதற்கேற்பத்தான்.

3. கண்ணாடியில் ஒட்டியிருந்தால்: உரிக்காதீர்கள். ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கும். இழுத்தால் முகமே அதோடு போய்விடும். கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள்.

4. காப்பது: ஒவ்வொரு படத்தையும் பாலிப்ரொப்பிலீன் உறையில் தனியாக இடுங்கள். பி.வி.சி. உறை வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூடும் பசையும் ஏறியபின் மீட்க வழியில்லை. செல்லோடேப், பால்பாயிண்ட் பேனாவும் ஆகாது. குறிப்பெழுத மென்மையான பென்சில், அதுவும் பின்பக்க ஓரத்தில். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூஞ்சை பிடிக்கும். வெளிச்சுவரை ஒட்டாத இரும்பு பீரோவில், சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். பச்சை வேப்பிலை போடாதீர்கள், அதுவே ஈரம் விடும்.

5. ஸ்கேன்: 600 டி.பி.ஐ., டிஃப் (TIFF) கோப்பு, இரண்டு பக்கமும். பிரிண்ட் உங்களுடையது என்பதால் உரிமையும் உங்களுடையதாகாது. இந்தியச் சட்டப்படி, 2012 திருத்தத்துக்குப் பின், போட்டோ எடுத்தவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. அதற்கு முன் வெளியான ஆண்டை வைத்துக் கணக்கிட்டார்கள். வெளியிடுமுன் அந்தக் கணக்கைப் பாருங்கள். எடுத்தவர் பெயர் தெரிந்தால் கட்டாயம் போடுங்கள்.