அந்த 100 எம்பி பார்ட்டிஷனை அழிக்காதீர்கள்

மார்த்தாண்டத்தில் நான் வேலை செய்யும் லேப்டாப் சர்வீஸ் கடைக்குத் தக்கலையிலிருந்து ஒரு மாணவி வந்தார். "அண்ணா, சும்மா கிடந்த 100 எம்பி பார்ட்டிஷனைத்தான் அழிச்சேன். அதுக்கப்புறம் விண்டோஸ் வரவே இல்ல" என்றார். பார்ட்டிஷன் என்றால் டிஸ்கில் தனியாகப் பிரித்து வைத்த பகுதி. விண்டோஸ் இந்தப் பகுதியை எளிதில் அழிக்க விடாது. வேறொரு மென்பொருளைப் போட்டு அழித்திருக்கிறார். உள்ளே இறுதியாண்டு புராஜெக்ட். முகம் வாடியிருந்தது.

அது சும்மா கிடந்த இடமில்லை. விண்டோஸைத் தொடங்கி வைக்கும் சிறு மென்பொருளான பூட் லோடர் இருப்பது அங்கேதான். லேப்டாப்பை ஆன் செய்ததும் மதர்போர்டு முதலில் அதைத் தேடும். அது போய் சி டிரைவில் இருக்கும் விண்டோஸை எழுப்பும். அவருடைய சி டிரைவ் அப்படியே இருந்தது, எழுப்பத்தான் ஆளில்லை.

பூட் லோடரின் நகல் ஒன்று, சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'பூட்' என்ற ஃபோல்டரில் இருக்கும். டூப்ளிகேட் தேடும் மென்பொருள் இதைத்தான் 'வேண்டாத நகல்' என்று காட்டும். ஆனால் அது விதைநெல். அந்தப் பார்ட்டிஷனை ஃபேட்32 வடிவில் மறுபடி உருவாக்கி, யூஎஸ்பியில் பூட் செய்து, 'பிசிடிபூட்' கட்டளையைக் கொடுத்தேன். அது இந்த நகலிலிருந்துதான் பூட் லோடரை எடுத்து வைத்தது. திரையில் விண்டோஸ் லோகோ வந்ததும் அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. 'பூட்' ஃபோல்டரையும் அழித்திருந்தால் வேலை இன்னும் நீண்டிருக்கும்.

இன்னொரு தவறு, ஒரே பெயரில் இருக்கும் ஃபைல்களை டூப்ளிகேட் என்று நினைத்து அழிப்பது. நோட்பேட் ஃபைல் விண்டோஸ் 10-இல் நாலைந்து இடத்தில் கிடக்கும். சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பது 64-பிட், சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருப்பது 32-பிட்; பெயர் ஒன்று, ஃபைல் வேறு. ஃபோல்டர் பெயரைப் பார்த்தால் தலைகீழாகத் தோன்றும், ஆனால் உண்மை அதுதான். வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரில் இருப்பவற்றில் பெரும்பாலானவை தனி நகலே கிடையாது. நம்ம ஊரில் ஒரே ஆளுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று இருக்குமே, அதுபோல ஒரே ஃபைலுக்கு இரண்டு பெயர். ஒன்றை அழித்தாலும் இடம் மிச்சமாகாது. இடம் வேண்டுமென்றால் 'டிஸ்க் கிளீனப்' திறந்து, சிஸ்டம் ஃபைல்களைச் சுத்தம் செய்யும் பட்டனை அழுத்துங்கள். எதை எடுக்கலாம் என்று விண்டோஸுக்குத் தெரியும்.

விண்டோஸோடு உபுண்டு என்ற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் சேர்த்துப் போட்டவர்கள், அது வேண்டாமென்று அதன் பார்ட்டிஷனை மட்டும் அழித்துவிடுவதும் உண்டு. மறுநாள் கறுப்புத் திரையில் 'கிரப்' என்ற சொல்லும் துடிக்கிற கர்சரும் வந்து நிற்கும். உபுண்டு போட்டபோது வந்த கிரப் பூட் லோடர் மிச்சமிருக்கிறது, அதற்கு வேண்டிய ஃபைல்கள் போய்விட்டன. பயந்துபோய் ஃபார்மட் செய்யாதீர்கள். லேப்டாப் ஆன் ஆகும்போதே திறக்கும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலில் வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் இந்த மாற்றத்துக்கே 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அதை முதலிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுக் கை வையுங்கள்.