கலர் கடைசி வேலை: பாகம் சேர்த்து பைக் கட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பாகங்களைத் தேடிப்பிடித்து ஒரு பைக்கைக் கட்ட ஆசைப்படும் தம்பிகள் தர்மபுரிப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணா, டேங்குக்கு என்ன கலர் அடிக்கலாம்?" என்றுதான். அந்த அவசரத்தில் வீணாய்ப்போன வண்டிகளைப் பார்த்துப் பார்த்து மனசு நொந்ததால் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு சேஸ் வாங்கும்போதே நடந்துவிடுகிறது. ஆர்.சி. இல்லாத சேஸ் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடுவார்கள். சேஸில் அடித்திருக்கும் நம்பர் ஆர்.சி.யோடு பொருந்தாவிட்டால் அது பழைய இரும்புதான். யமஹா ஆர்எக்ஸ் 100 போல 1996-க்குள் தயாரிப்பு நின்றுபோன வண்டிகளுக்கு முதல் 15 ஆண்டுப் பதிவு எப்போதோ முடிந்திருக்கும். புதுப்பிக்க வண்டியையே ஆர்டிஓ ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும். சேஸை வெட்டி உருவத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நிறம் மாற்றினால்கூட ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அதனால் அதே மாடலின் பாகங்களைக் கொண்டே கட்டுங்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும் ஒருமுறை பூட்டிப் பார்க்காமல் பெயிண்ட் அடிப்பது. என் முதல் வண்டியில் நான் செய்ததும் இதுதான். கலருக்கு மேல் கடைசியாக அடிக்கும் கிளியர் கோட் வரை முடித்த டேங்கை ஏற்றிவிட்டு ஹேண்டில்பாரைத் திருப்பினால், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் டேங்கில் இடித்தது. சேஸில் டேங்க் உட்காரும் பிராக்கெட்டை வெட்டி, நகர்த்தி வெல்டிங் வைத்ததில் அதைச் சுற்றி அடித்திருந்த பெயிண்ட் எல்லாம் பொங்கிவிட்டது. இரண்டு வார வேலை போயிற்று. வெறும் இரும்பாக இருக்கும்போதே சக்கரம், செயின், சைலன்சர், வயரிங் வரை பூட்டுங்கள். செயின் நேராக ஓடுகிறதா, ஹேண்டில் இரண்டு பக்கமும் முழுதாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். வெல்டிங்கும் துளையும் அப்போதே முடியட்டும். டேங்கில் வெல்டிங் வேலை இருந்தால், காலிதானே என்று நெருப்பைக் காட்டாதீர்கள். உள்ளே தங்கிய பெட்ரோல் ஆவியே வெடிக்கப் போதும். டேங்க் வேலை தெரிந்த பட்டறையில் கொடுங்கள்.

நம் ஊருக்கென்றே ஒரு தவறு உண்டு: தண்ணீர். வாட்டர் பேப்பரை (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டுத் தேய்க்கப் பக்கத்தில் இருக்கும் போர்வெல் தண்ணீரையே எடுக்கிறோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளூரைடு கூடுதல் என்பதால்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது! பெயிண்டைக் கெடுப்பது ஃபுளூரைடு அல்ல, அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு. தேய்த்த இடம் காய்ந்ததும் அது வெள்ளையாகத் தங்கும். அதன்மேல் அடித்த பெயிண்ட் அன்றைக்குப் பளபளக்கும். மழைக்காலம் வந்ததும் அந்த உப்பு ஈரத்தை இழுத்து, அடியிலிருந்து பொடிப்பொடியாகக் கொப்புளம் கிளம்பும். கடைசி அலசலுக்காவது மழைத்தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுங்கள். வெறும் இரும்பையும், பள்ளத்தை நிரப்பப் பட்டி வைத்த இடத்தையும் தண்ணீர் தொடாமல் உலர்வாகவே தேய்க்க வேண்டும். பட்டி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

ஆடிக் காற்றில் வெட்டவெளியில் ஸ்ப்ரே செய்யாதீர்கள். கிரானைட் பட்டறைப் பக்கம் என்றால் தூசி கேட்கவே வேண்டாம். சித்திரை வெயிலில் வேகமாக உலரும் தின்னர் போட்டால், பெயிண்ட் இரும்பைத் தொடும் முன்பே காய்ந்து சொரசொரவென்று படியும். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளியை விடுங்கள். கம்ப்ரசர் தொட்டியில் தேங்கும் தண்ணீரைத் தினமும் திறந்துவிடுங்கள்.

இறுகுவதற்காக ஹார்ட்னர் கலக்கும் பெயிண்டுக்கு முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நிற்கும் பையன்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஆஸ்துமாவையே கொண்டுவந்துவிடும். துணி அதைத் தடுக்காது. ஆவியை வடிகட்டும் கேட்ரிட்ஜ் மாஸ்க் இல்லாமல் ஸ்ப்ரே கன்னைத் தொடவே கூடாது.

சேஸை பவுடர் கோட்டிங்குக்கு (பெயிண்ட் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் படியவைப்பது) கொடுத்தால், ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி சூட்டில் சுடுவார்கள். ரப்பர் புஷ், பேரிங் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கொடுங்கள். ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட் உட்காரும் இடம், மரைகள், சேஸ் நம்பர் மூன்றையும் மறைத்து அடிக்கச் சொல்லுங்கள். வண்டி கட்டி முடித்த பிறகு ஹெட்லைட் மங்கினாலோ ஹாரன் விட்டுவிட்டு அடித்தாலோ, காயிலை மாற்றும் முன் எர்த் வயரைச் சேஸில் பூட்டிய இடத்தைக் கழற்றிப் பாருங்கள். பெயிண்டின் மேலேயே பூட்டியிருந்தால், அந்த இடத்தை மட்டும் இரும்பு தெரியச் சுரண்டிவிட்டு மறுபடி முடுக்குங்கள்.